நானே பலசாலி! – யப்பானியக் குழூஉக்குறி ஒன்றும் அது பெயரிட்ட கதைகளும்

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று தமக்குள் வழங்குவதை இலக்கண உரைகள் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாகக் கூறும். ஒரு கூட்டத்தார் ஒரு பொருளுக்குரிய பொதுப்பெயரை விலக்கித் தமக்கே விளங்கும் வேறொரு சொல்லால் அதனைக் குறிப்பது இவ்வழக்கு. இத்தகைய சொற்களைச் சான்றோர் வழக்கிற் சேராதவை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், ஒரு கூட்டத்தார் எதனை விரும்புவர், எதனை வெறுப்பர், எதனைக் கண்டு நகைப்பர் என்பவற்றை அவர்தம் குழூஉக்குறிகள் காட்டுமளவுக்குப் பிற சொற்கள் காட்டுவதில்லை.

நம் காலத்திலே உலகெங்கும் பரந்துள்ள கூட்டங்களுள் ஒன்று, யப்பானியரின் கணினி விளையாட்டுகளிலும், ‘மங்கா’ எனப்படும் சித்திரக்கதைகளிலும், ‘அனிமே’ எனப்படும் அசைவோவியக் கதைகளிலும் ஈடுபட்டோர் கூட்டமாகும். எம் வகுப்பறைகளிலுள்ள மாணவருட் சிலரும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. இவற்றைப் பற்றிப் பெரியோர் கூறுந் தீர்ப்பு, ‘இவை வீண்பொழுதுபோக்கு’ என்பது. இளைஞர் கூறும் மறுமொழி, ‘இவை எமக்கு இன்பந் தருகின்றன’ என்பது. இவ்விரு கூற்றும் ஆராய்ச்சிக்கு இடந்தருவன அல்ல. இன்பந் தருவது எது, அவ்வின்பத்தின் தரம் யாது என வினாவுதலே திறனாய்வாளன் கடன். அவ்வினாவுக்கு விடைகாண, அக்கூட்டத்தார் தாமே படைத்த சொல்லொன்றை இக்கட்டுரை துணையாகக் கொள்கின்றது.

வியர்வை சிந்தாமல் வெல்லுதலைக் குறிக்க அவர்களிடையே வழங்குஞ் சொற்கள் பல. ‘ரக்குஷோ’ என்பது எளிதின் வெல்லுதல். ‘ஷுன்சத்ஸு’ என்பது இமைப்பொழுதிற் கொல்லுதல். ‘வன்பன்’ என்பது ஒரே குத்தினால் வீழ்த்துதல். ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி யப்பானியர் ஆக்கிக்கொண்டது. எதிரியை ஒரு பொருட்டாக மதியாது வேண்டுமென்றே ஏனோதானோ என்று ஆடுதலை ‘நமெபு’ என்பர். இவை யாவற்றிலுஞ் சிறந்த ஆராய்ச்சிக்குரியது ‘ஒரெ ட்ஸுஎஎ’ என்னுந் தொடர். ‘நான் எவ்வளவு பலசாலி!’ என்பது அதன் நேர்ப்பொருள்.

இத்தொடரின் அமைப்பை முதலில் நோக்குவோம். தன்மை ஒருமையைக் குறிக்க யப்பானிய மொழியிற் பல சொற்கள் உண்டு. ‘வதஷி’ என்பது பணிவான பொதுச்சொல். ‘பொக்கு’ என்பது இளைஞருக்கு ஏற்ற மென்சொல். ‘ஒரெ’ என்பதோ ஆடவர் தம்மொத்தாரிடத்து முரட்டுத்தன்மை தோன்ற வழங்குஞ் சொல். அடுத்து வருவது வலிமையுடைமையைக் குறிக்கும் ‘ட்ஸுயொஇ’ என்னும் பண்புச்சொல். அதன் ஈறு சிதைந்து ‘ட்ஸுஎஎ’ என நிற்பது, கிழக்கு யப்பானிய முரட்டுப் பேச்சின் இயல்பு. எழுதும்போது இதனை யப்பானிய எழுத்தால் எழுதாமல், விசைப்பலகையிலே தட்டுகின்றபடியே, உரோம எழுத்துகளாகிய ‘ரீ’, ‘யூ’ என்பவற்றை நிறுத்தி, ‘ஈ’ என்பதை மூன்றும் நான்குமாக அடுக்குவர். நம் இலக்கணத்தார் அளபெடை என்பதனை இவர்கள் விசைப்பலகையிலே செய்துவிட்டனர் எனலாம். ஆர்வ மிகுதியாற் கைவிரல்கள் மொழிமாற்றத்துக்குங் காத்திராமல் ஓடுவதுபோன்ற தோற்றத்தை இவ்வெழுத்துமுறை தருகின்றது. ஆகவே முரட்டுத் தன்மைச்சொல், சிதைந்த ஈறு, நீண்ட அளபெடை, பொறுமையற்ற எழுத்து என நான்கும் கூடி, தன்னை மறந்து துள்ளும் ஒருவனை நம் கண்முன் நிறுத்துகின்றன.

இங்ஙனம் நிறுத்துவோர் யாவர் என்பதே முதன்மையான வினா. பலர் ஒருங்கே கூடி ஆடும் வலையமைப்பு விளையாட்டுகளை ஆடுவோரிடையே இத்தொடர் தோன்றிப் பரவியது என்பர். அவ்விளையாட்டுகளில் நெடுநாள் ஆடிப் படிகள் பல ஏறிய ஒருவன், அன்று தொடங்கிய புதியவர் உலவும் இடத்துக்குச் சென்று அவர்களை வீழ்த்தி மகிழ்வதுண்டு. இதனைத் ‘தொடக்கக்காரர் வேட்டை’ என்றே யப்பானியர் பெயரிட்டழைப்பர். அத்தகையோனைக் கண்ட பிறர், அவன் உள்ளத்தில் எழுங் கூவலைத் தாம் கூவிக்காட்டுவர். அக்கூவலே ‘ஒரெ ட்ஸுஎஎ’. வெளித்தோற்றத்திலே தற்புகழ்ச்சியாயினும், வழக்கிலே இது பெரும்பாலும் பிறன் ஒருவனைப் பழித்துக்காட்டும் இகழ்ச்சிக் குறிப்பாகும். சிலவேளைகளில் ஆடுவோன் தன்னைத் தானே நகையாடுதற்கும் இதனை வழங்குவான்.

தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடு எட்டனுள் இது எதன்பாற்படும்? வலிமையைப் பற்றிய கூற்றாதலின் பெருமிதம் என்று கூறத் தோன்றும். ஆனாற் பெருமிதத்துக்கு அவர் கூறிய நிலைக்களன் கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கே. தறுகண் என்பது அஞ்சாமை. அஞ்சத்தக்கதொன்று எதிரே நில்லாதவிடத்து அஞ்சாமைக்கு இடமில்லை. புதியவரை வீழ்த்துவோனிடத்து இந்நான்கும் இல்லை. நகைக்கு அவர் கூறிய நான்கனுள் முதலாவது எள்ளல். பிறரை எள்ளுதல், பிறரால் எள்ளப்படுதல் என உரையாசிரியர் அதனை இருவகையாக விரிப்பர். நாம் ஆராயுந் தொடர் எள்ளலின் இரு வகைக்கும் உரியது. பெருமிதத்தின் வேடம் பூண்டு வரும் நகை என அதனைக் கூறுதல் தகும். தன்னின் மெலியார்மேற் செல்லும்போது தன்னினும் வலியார்முன் தான் நிற்கும் நிலையை நினைத்துப் பார்க்கவேண்டுமென அருளுடைமை அதிகாரத்தின் இறுதியிலே வள்ளுவர் கூறிய அறத்தை, யப்பானிய விளையாட்டுக்காரர் தம் கேலியினாற் கூறினர் போலும்.

இதனோடு ஒருங்குவைத்து நோக்கத்தக்க மற்றொரு சொல் ‘முஸோ’. ‘இணையிலி’ என்பது அதன் பொருள். சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிய வரலாற்று நூலிலே, ஹான் சின் என்னுந் தளபதியை நாட்டில் இணையற்றவன் எனச் சியாவோ ஹோ என்பார் தம் தலைவனாகிய லியு பாங்கிடம் புகழ்ந்துரைக்கின்றார். அவ்வாறு புகழப்பட்டவன் யாவன்? இளமையிலே வறுமையால் அயலார் இட்ட சோற்றை உண்டவன்; வம்பன் ஒருவன் சந்தையிலே அறைகூவியபோது, வாளை உருவாமல், அவன் கால்களினூடே தவழ்ந்து சென்று ஊரார் நகைப்புக்கு ஆளானவன். இழிவைப் பொறுத்து உயர்ந்த ஒருவனுக்கே அச்சொல் சூட்டப்பட்டது.

2000 ஆம் ஆண்டிலே, மூன்று அரசுகளின் காலத்துச் சீனக் கதையைத் தழுவி, கொயெய் நிறுவனம் ‘ஷின் சங்கொக்கு முஸோ’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதிலே வீரன் ஒருவன் தனித்து நின்று நூற்றுக்கணக்கான படைஞரை வீழ்த்துவான். வீழ்ந்தோர் தொகை திரையிலே ஏறிக்கொண்டே செல்லும். அதன் பின்னர் ‘முஸோ’ என்னுஞ் சொல் வினையாகவும் வழங்கத் தொடங்கியது. ‘முஸோ செய்தான்’ என்றால், எதிர்ப்பட்டாரை எல்லாம் தனியொருவனாக அறுத்துத் தள்ளினான் என்பது பொருள். ஹான் சின் தவழ்ந்த தெரு இப்புதுப்பொருளில் மறைந்துவிட்டது. எனினும் அவ்விளையாட்டை ஆக்கியோர் ஒன்றை மறந்தாரல்லர். லு பு என்னும் பெருவீரன் நிற்குமிடத்தை அணுகாதே என்னும் எச்சரிக்கையை அதிலே வைத்தனர். பல்லாயிரம் பெயரற்ற படைஞரை வீழ்த்திய மகிழ்ச்சி ஆடுவோர் நினைவிற் கலந்து மங்கிவிட, அணுகவேண்டா என விலக்கப்பட்ட அவ்வொருவனே அவர்கள் பேச்சில் நிலைபெற்றான்.

மூன்றாவது சொல், ஆங்கிலத்தில் ஏமாற்று என்னும் பொருள்படும் ‘சீற்’ என்பதிலிருந்து பிறந்த ‘சீதோ’ என்பது. விளையாட்டின் கட்டளைகளைக் களவாக மாற்றி, ஆடுவோன் தனக்கு வரம்பில்லா ஆற்றல் தேடிக்கொள்ளுதலை இது முதலிற் குறித்தது. பின்னர், கதைத் தலைவனுக்குத் தெய்வமோ விதியோ இலவசமாக வழங்கிய பேராற்றலுக்கும் இதுவே பெயராயிற்று. இங்கு ஒரு வியப்பு உண்டு. தாம் விரும்பிப் படிக்குந் தலைவனின் ஆற்றலை, அவனுடைய வாசகரே ‘ஏமாற்று’ என்று அழைக்கின்றனர். அது உழைத்துப் பெற்றதன்று என்பதை அவர்கள் நன்கறிவர், அறிந்தே மகிழ்கின்றனர். இவ்வாசகரை அறியாமையிற் கிடப்போர் என நாம் இரங்க வேண்டியதில்லை.

அறிந்தும் அதனை ஏன் விரும்பினர் என்பதற்கு யப்பானியக் கதைமரபின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். எளிதின் வெல்லுந் தலைவன் அம்மரபில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியவனல்லன். யொஷிகவா எய்ஜி 1935 முதல் 1939 வரை செய்தித்தாளில் எழுதிய ‘மியமொத்தோ முஸஷி’ என்னும் நாவல், வாள்வீரன் ஒருவன் பயிற்சியாலும் தன்னடக்கத்தாலும் தன்னை உருவாக்கிக்கொள்ளும் வரலாறாகும். போருக்குப் பின்னர், பொருளாதாரம் விரைந்து வளர்ந்த காலத்திலே, விளையாட்டு வீரரின் மனவுறுதியைப் பாடும் சித்திரக்கதைகள் செல்வாக்குற்றன. 1966 இல் தொடங்கிய ‘கியொஜின் நொ ஹொஷி’ என்னும் பேஸ்போல் கதையிலே, தந்தை தன் மகனின் உடலிலே சுருள்வில்கள் பூட்டிய கருவியை அணிவித்துப் பயிற்றுகின்றார். 1968 இல் தோன்றிய ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் சிறுவர் இதழுக்கு நட்பு, முயற்சி, வெற்றி என்னும் மூன்றும் தாரகமந்திரம் எனப் பேசப்பட்டன.

இம்முயற்சிக் கதைகளும் முயற்சியின் விலையை மறைத்தன அல்ல. சுருள்வில் அணிந்து வளர்ந்த அம்மகன், இறுதியில் தன் எறியுங் கையை இழக்கின்றான். 1968 இல் தொடங்கி 1973 இல் முடிந்த ‘அஷித்தா நொ ஜோ’ என்னும் கதையின் குத்துச்சண்டை வீரன், தன் இறுதிப் போட்டியின் பின் எரிந்தடங்கிய சாம்பல்போல் மூலையில் அமர்ந்திருக்கின்றான். உழைத்தவன் உயர்வான் என்று நாடு நம்பியிருந்த காலத்திலே இத்துயர முடிவுகளும் பெருமிதமாகவே தோன்றின. 1990 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் யப்பானின் பொருளாதாரப் பெருக்கம் வீழ்ந்தது. அதன்பின் பல்கலைக்கழகங்களை விட்டு வெளிவந்த இளைஞர் நிலையான வேலை பெறாது அலைந்த காலத்தை ‘வேலைவாய்ப்பின் பனியுகம்’ என்று அந்நாட்டார் அழைப்பர். உழைப்புக்கும் பயனுக்கும் இடையே இருந்த பாலம் இடிந்தபோது, பாலத்தைப் பாடிய கதைகளும் தம் வலிமையைச் சிறிது இழத்தல் இயல்பே.

2004 இல் ‘நாவலாசிரியர் ஆவோம்’ என்னும் பொருள்படும் பெயருடைய இணையத்தளமொன்று தொடங்கப்பட்டு, எவரும் தம் கதையை எழுதி வெளியிட இடந்தந்தது. அதிலே பெருகிய கதைகளுட் பல ஒரே அச்சில் வார்த்தவை. இவ்வுலகிலே மதிப்பற்றுக் கிடந்த ஒருவன் விபத்தில் மாண்டு, வேறோர் உலகிலே மறுபிறப்பெய்தி, அங்கே பேராற்றலுடன் விளங்குவான். 2012 இல் அங்கு எழுதத் தொடங்கப்பட்ட ‘முஷொக்கு தென்செய்’ இம்மறுபிறப்பு வடிவம் பரவத் துணைசெய்த நூல்களுள் ஒன்று. அதன் பெயரின் முதற்சொல் ‘வேலையின்மை’ எனப் பொருள்படும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அதன் தலைவன் மறுபிறப்பிலே குழந்தைப் பருவந் தொட்டுப் பயில்கின்றான். அதனைப் பின்பற்றியோர் பலர் பயிற்சியைக் கைவிட்டு ஆற்றலை மட்டுங் கைக்கொண்டனர். இத்தகைய கதைகளுக்கே ‘ஒரெ ட்ஸுஎஎ வகை’ என்னும் பெயர் வாய்த்தது. 2021 இல் யப்பானின் அவ்வாண்டுப் புதுச்சொற்களின் முதற்பத்தினுள் ‘ஒயகச்சா’ என்பது இடம்பெற்றது. காசிட்டுத் திருப்பினால் ஏதோவொரு பொம்மை விழும் பொறியைப்போலவே பெற்றோரும் ஒருவனுக்குக் குலுக்கலில் வாய்க்கின்றனர் என்பது அதன் கருத்து. பிறப்பே வாழ்வைத் தீர்மானிக்கின்றது எனக் கருதும் இளைஞன், மீண்டுமொருமுறை பிறந்து நற்பரிசு பெறுவதாகக் கனவு காணுதலில் வியப்பில்லை. இக்கதைகளைச் சோம்பேறிகளின் கனவு என்று கூறுதல் போதாது. களைத்தோர் கனவு என்பது உண்மைக்கு அண்மையது.

ஆயினும், ஒரு கதை பிறந்த காரணத்தை அறிந்து இரங்குதல் வேறு. அதன் தகுதியை மதிப்பிடுதல் வேறு. இவ்வகைக் கதைகளுட் பெரும்பாலனவற்றின் குறை, தலைவன் மிக வலியனாயிருத்தல் அன்று. அவனைச் சூழ்ந்தோர் உயிரற்றவராதலே. அவன் வலிமையை வியத்தற்கென்றே நண்பர் படைக்கப்படுகின்றனர். வீழ்தற்கென்றே பகைவர் படைக்கப்படுகின்றனர். தான் அரியதொன்றைச் செய்ததை அறியாதவன்போலத் தலைவன் விழிப்பதும், சுற்றியிருப்போர் வாய்பிளப்பதும் இக்கதைகளில் மீண்டும் மீண்டும் வருவன. இப்போலிப் பணிவையும் வாசகரே கண்டு கேலி செய்துள்ளனர். கூட்டத்தாரின் குழூஉக்குறி தன் காலத்துக் கதையைவிடக் கூர்மையுடையதாய் அமைந்த இடம் இது. சொல் நகைத்தது, கதையோ அந்நகைப்பைக் கேளாமல், கூவலை மட்டும் உண்மையென எடுத்துக்கொண்டது.

நகைப்பைக் கேட்ட ஆசிரியரும் உளர். அவருள் இருவரை ஈண்டு எடுத்துக்காட்டுவோம்.

‘வன்’ என்னும் புனைபெயருடைய சித்திரக்கதையாசிரியர் 2009 இல் ‘வன்பன்மன்’ என்னுங் கதையைத் தொடங்கினார். 2012 முதல் முரத்தா யூஸுகெ அதனைப் புதிதாக வரைந்தார். 2015 இல் அது அனிமேயாகவும் வெளிவந்தது. அதன் தலைவனாகிய ஸைத்தமா எவ்வரக்கனையும் ஒரே குத்தினால் வீழ்த்துவான். ‘ஒரெ ட்ஸுஎஎ’ என்பதன் எல்லையே அவன். ஆனால் அவன் ஒருமுறையேனும் அவ்வாறு கூவுவதில்லை. வென்றபின் அவன் முகத்திலே தோன்றுவது சலிப்பு. தன் இதயத்தைத் துடிக்கச்செய்யும் பகைவன் ஒருவனை அவன் தேடுகின்றான். கடையிலே மலிவுவிற்பனை நடைபெறும் நாளைத் தவறவிட்டதே அவனுக்குப் பெருங்கவலையாகின்றது. வீரர் சங்கத்தின் தேர்விலே உடற்பரீட்சையில் முழுப்புள்ளி பெற்றும், எழுத்துப் பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்றதாற் கடைநிலை வகுப்பிற் சேர்க்கப்படுகின்றான். அவன் செய்த செயலின் புகழ் பிறரைச் சேர்கின்றது. வலிமை முழுமையாகக் கிடைத்தவிடத்தும் மதிப்பு, நட்பு, பொருள் ஆகியவை தாமாக வந்தடையா என்னும் உண்மையை ஆசிரியர் நகைச்சுவையின் வாயிலாகவே புலப்படுத்துகின்றார்.

இக்கதையின் பெயரிலே மற்றொரு நயமும் உண்டு. யனசெ தகஷி படைத்த ‘அன்பன்மன்’ யப்பானியக் குழந்தைகள் யாவரும் அறிந்த வீரன்; 1973 இல் படநூலாக வெளிவந்தவன். பயற்றினிப்பு உள்வைத்த பணிஸே அவன் தலை. பசித்தோரைக் கண்டால் அவன் தன் தலையைப் பிய்த்து உண்ணக் கொடுப்பான்; கொடுத்தபின் வலிமை குன்றுவான். அப்பெயரின் ஓரெழுத்தை மாற்றிப் பிறந்ததே ‘வன்பன்மன்’. கொடுத்து மெலியும் வீரனின் பெயரொலியை, மெலிதலே அறியாத வீரனுக்கு இட்டமை, கொடை என்னும் பெருமிதம் இவனுக்கு வாய்க்கவில்லை என்பதை நமக்கு நினைவூட்டுகின்றது.

இரண்டாமவர் மருயமா குகனெ. அவர் 2010 இல் இணையத்தில் எழுதத் தொடங்கி 2012 முதல் நூலாக வெளியிட்ட ‘ஓவர்லோட்’ என்னும் நாவலின் தலைவன், விளையாட்டொன்று நிறுத்தப்படும் இறுதி நாளிலும் அதனைவிட்டு நீங்காதிருந்த ஓர் அலுவலகத் தொழிலாளி. அவன் அவ்விளையாட்டின் எலும்புருக் கொண்ட மந்திரவாதியாகவே மாறி, வேறோர் உலகில் எவரும் எதிர்க்கவியலா வேந்தனாகின்றான். இதுவரை இவ்வகையின் பொதுவழக்கே. 2013 இல் வெளிவந்த நான்காம் பாகத்திலே ஆசிரியர் கதையை அவ்வேந்தனாற் படையெடுக்கப்பட்ட பல்லிமாந்தரின் பக்கத்திலிருந்து கூறுகின்றார். பகைகொண்டிருந்த அவர்தம் குலங்கள் ஒன்றுகூடுகின்றன. அவர்களிடையே காதல் மலர்கின்றது. முதற்போரில் வெற்றியும் பெறுகின்றனர். அவர்கள் தம் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற அவ்வெற்றி, எதிர்த்தரப்பிற்கு ஒரு சோதனையாட்டம் மட்டுமே என்பதைப் பின்னர் அறிகின்றனர். வெல்லவியலாதென அறிந்தும் அவர்தம் வீரர் களம் புகுகின்றனர். தறுகண் என்னும் பெருமிதம் முழுமையுற விளங்கும் இடம் அதுவே; அது தோற்போரிடத்து விளங்குகின்றது. வெல்வோனிடத்தோ இரக்கம் படிப்படியாக வற்றிக்கொண்டு செல்கின்றது. எளிய வெற்றி என்னும் இன்பத்தை நாடி வந்த வாசகனை, அவ்வெற்றி யார் தலைமேல் விழுந்தது என்று பார்க்கச்செய்தமை இந்நூலின் சிறப்பாகும்.

விளையாட்டுக்காரரின் வழக்கிலேயே இவ்வாராய்ச்சிக்குத் துணையாகும் வேறிரு சொற்கள் உள. தடையின்றி வெல்லத்தக்க விளையாட்டை அவர்கள் ‘நுருகே’ என்பர். ஆறிப்போன வெந்நீரின் வெதுவெதுப்பைக் குறிக்குஞ் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஒரு விளையாட்டு அவ்வாறு சுவையற்றுப்போனால், சிறந்த ஆட்டக்காரர் தம்மேல் தாமே தளைகளை இட்டுக்கொள்வர். ஒரு கருவியையும் ஏந்தாமல் ஆடுவேன், ஒருமுறையும் அடிபடாமல் ஆடுவேன், தொடக்கநிலை ஆற்றலுடனேயே இறுதிவரை ஆடுவேன் என இவ்வாறு வரம்புகட்டி ஆடுதலைக் ‘கட்டு’ எனப் பொருள்படும் ‘ஷிபரி’ என்னுஞ் சொல்லாற் குறிப்பர். எதிர்ப்பில்லாத இடத்தே எதிர்ப்பைத் தாமே படைத்துக்கொள்கின்றனர். வலிமைக்கு உரைகல் வேண்டும் என்பதை இவர்களுக்கு எவரும் போதிக்கவில்லை; ஆடிப் பழகியே அறிந்தனர்.

ஆதலின், இக்கதைகளில் ஈடுபட்ட மாணவனிடம் அவற்றை இகழ்ந்துரைத்தலால் ஆசிரியனுக்கு ஆவதொன்றில்லை. அவன் வழங்குஞ் சொற்களிலேயே இகழ்ச்சியும் அளவுகோலும் அடங்கியுள்ளன. அச்சொற்களை அவன் பழக்கத்தாற் கூறாமற் பொருளுணர்ந்து கூறும்படி செய்தலே நம்மால் இயல்வது. இக்கதையிலே தலைவன் வீழ்த்தியவருள் எவருடைய பெயராவது உனக்கு நினைவிருக்கின்றதா என ஒரு வினாவை அவனிடம் எழுப்பலாம். பல்லிமாந்தரின் பெயரை அவன் தயங்காமற் கூறுவானாயின், அவன் படித்தது நல்ல நூல். அவனும் நல்ல வாசகன். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லையாயின், அந்நூலின் குறையை அவன் தானே கண்டுகொள்வான்.